சுருட்டின் ஊரில்: ஹவானாவும் பினார் தெல் ரியோவும்

ஹவானா, திங்கள்

ஹவானாவில் சுருட்டு இரண்டு இடங்களில் கிடைக்கும். ஒன்று, 'லா காசா தெல் ஹபானோ' என்று பெயர்ப்பலகை தொங்கும் அதிகாரபூர்வக் கடைகள். இன்னொன்று தெருமுனை. பழைய ஹவானாவில் நடக்க ஆரம்பித்ததுமே ஆள் மாற்றி ஆள் வந்து தோளோடு தோள் நடக்கிறார்கள். "எந்த நாடு அமிகோ? இந்தியாவா? கூட்டுறவுச் சங்கத்துல இன்னிக்கு மட்டும் பாதி விலை." ஒருவர் என்னை ஒரு வீட்டு மாடிப்படி வரை கூட்டிப்போய், கண்ணாடி மூடி போட்ட, கோஹிபா என்ற பிராண்டின் சுருட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார். கண்ணாடி மூடி வைத்த கோஹிபா பெட்டி என்று ஒன்று எந்த ஆலையிலிருந்தும் வருவதே இல்லை. அதைப் பார்த்தாலே போதும், மேற்கொண்டு முகர்ந்து பார்க்கக்கூட வேண்டாம். கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

நான் குன்னூரில் தேயிலை ருசி பார்ப்பவன். ஒரு கோப்பையை உறிஞ்சித் துப்பிவிட்டு, இதில் குறை கொழுந்திலா, வாட்டியதிலா, உலர்த்தியதிலா என்று பிரித்துச் சொல்வதுதான் என் வேலை. 'நல்லா இருக்கு', 'நல்லா இல்லை' என்பது எங்கள் தொழிலில் பதிலே கிடையாது. சுருட்டிலும் அப்படிப் பிரித்துச் சொல்ல முடியுமா? வாயில் வருகிற ருசியில் மண்ணும் இலையும் கொடுத்தது எவ்வளவு, சுற்றிய கை கொடுத்தது எவ்வளவு, இருப்பு வைத்த காலம் கொடுத்தது எவ்வளவு? இதைத் தெரிந்துகொள்ளத்தான் பிப்ரவரியில் வந்திருக்கிறேன். வயலில் அறுவடை நடக்கிற மாதம் இது.

கப்பித்தோலியோ கட்டடத்தின் பின்புறத் தெருவில் பார்த்தகாஸ் ஆலையின் பழைய கட்டடம் இருக்கிறது. ஹைமே பார்த்தகாஸ் 1845இல் தொடங்கியது. சுருட்டு சுற்றுவது இப்போது வேறிடத்துக்குப் போய்விட்டது. அங்கே நின்று அந்த முகப்பைப் பார்த்துவிட்டு, கடை ஒன்றில் பார்த்தகாஸ் சீரி டி நம்பர் 4 கேட்டேன். ரோபஸ்டோ அளவு. நீளம் 124 மில்லிமீட்டர், தடிமன் 50. இந்தத் தடிமன் கணக்கு ஒரு அங்குலத்தை 64 பங்காகப் பிரித்துச் சொல்வது. 50 என்றால் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் குறுக்களவு.

பெட்டியைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். 'எச்சோ என் கூபா', 'தோத்தால்மெந்தே ஆ மானோ' என்று சூட்டுமுத்திரை இருக்கும். கூபாவில் செய்தது, முழுக்கக் கையால் செய்தது. அதன் பக்கத்திலேயே ஆலைக் குறியும், பெட்டியில் அடைத்த மாதமும் ஆண்டும். கடைக்காரர் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி போட்ட பெட்டி ஒன்றை உள்ளேயிருந்து எடுத்துவந்தார். திறந்தால் இடது ஓரத்தில் கொஞ்சம் கருத்த சுருட்டு, வலது பக்கம் போகப்போக நிறம் இளகுகிறது. இதுவும் தற்செயல் இல்லை, ஆலையில் நிறம் பிரிக்க என்றே ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பெட்டியிலிருந்து உதிரியாகச் சில வாங்கினேன். கூடவே, அதே ரோபஸ்டோ அளவில் வேறொரு பிராண்டு, பெட்டியில் அடைத்து மூன்றே மாதம் ஆனது. அதன் பெயரை எழுதப்போவதில்லை. ஒரு சுருட்டை வைத்து ஒரு ஆலையை எடைபோடக் கூடாது.

தங்கியிருப்பது ஒரு குடும்பத்தின் வீட்டில், வாடகை அறை. வாசற்கதவின் பின்னால் தரையில் சிமெண்டில் செய்த சின்னத் தலை ஒன்று, கண்ணுக்கும் வாய்க்கும் சோழி பதித்து. முன்னால் மிட்டாய், ஒரு சிறு குவளையில் ரம், பாதி எரிந்த சுருட்டு. எலெகுவா. சந்தேரியா வழிபாட்டில் வாசலையும் முச்சந்தியையும் காக்கிற தெய்வம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட யொருபா மக்களோடு வந்தது. வீட்டுக்கார அம்மா தினமும் காலையில் புகையை ஊதிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார். எங்கள் ஊர் எல்லையில் கருப்பசாமிக்கு சுருட்டும் சாராயமும் வைத்துப் படைப்பதை அந்த அம்மாவிடம் சொன்னேன். "அவரும் வாசல் காப்பவரா?" என்று கேட்டார். "ஊர் எல்லை காப்பவர்மா" என்றேன். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய், வழியில்

ஹவானாவிலிருந்து, புகையிலை விளையும் வின்யாலெஸ் பள்ளத்தாக்குக்குப் பேருந்தில் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். நெடுஞ்சாலையில் குதிரை வண்டியும் ஐம்பதுகளின் ஷெவர்லேயும் ஒரே ஓரமாகப் போகின்றன. மாலையில் மின்சாரம் இல்லை, விளக்கு வெளிச்சத்தில் சாப்பாடு. தூங்கப்போகிறேன்.

வின்யாலெஸ், புதன்

விடிந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே மொகோத்தே குன்றுகள். சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறைகள், உச்சியில் காடு. அவற்றின் காலடியில் செம்மண், மாடு பூட்டிய ஏர், ஓலை வேய்ந்த புகையிலைக் கொட்டகைகள். 1999இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது குன்றுகளை மட்டும் அல்ல, இந்த விவசாய முறையையும் சேர்த்தே கணக்கில் எடுத்தது.

ஒரு விவசாயியின் கொட்டகையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கு அரசுக்கு, அரசு சொல்லும் விலைக்கு. மிச்சம் ஒரு பங்கு இவர்களுக்கு. அந்த ஒரு பங்கில் சுற்றுவதுதான் வருகிற பயணிகளுக்கு விற்கும், பிராண்டுப் பட்டை இல்லாத சுருட்டு. இலையின் மேல் தேனும் ரம்மும் கொய்யா இலைச் சாறும் கலந்த தண்ணீரைத் தெளித்துப் பதப்படுத்துவோம் என்றார். நடு நரம்பை ஒரே இழுப்பில் உருவி எறிந்தார். "நிகோடின் முழுக்க இதுலதான். எடுத்துட்டா கெடுதல் இல்ல."

இதை வின்யாலெஸ் முழுக்கச் சொல்கிறார்கள், பயணிகளும் நம்பிக்கொண்டு போகிறார்கள். உண்மை நேரெதிர். நிகோடின் இலைப்பரப்பில்தான் அதிகம், நரம்பில் குறைவு. நரம்பை உருவுவதற்குக் காரணம் வேறு: அது தடித்தது, சீராக எரியாது, புகையைக் கசப்பாக்கும். சுருட்டும் புகையிலைதான். உள்ளிழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் ஆபத்து உண்டு. இதைத் தெரிந்துதான் கையில் எடுக்கிறேன்; அதிலும் எப்போதாவதுதான்.

சுருட்டின் தலைப்பக்கத்தைத் தேனில் தொட்டு ஒட்டி நீட்டினார். பற்றவைத்தேன். முதலில் உதட்டில் இனிப்பு, பிறகு லேசான, பச்சை மாறாத புகை. வைக்கோல் மணம், கொஞ்சம் வறுத்த நிலக்கடலைத் தோல். தொடங்கியது முதல் முடியும் வரை அதே ருசி. இளசான இலை, காரத்துக்கான, செடியின் உச்சி இலை உள்ளே கிடையாது. குன்றைப் பார்த்துக்கொண்டு பிடிக்க இனிமையான சுருட்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உதட்டில் ஒட்டிய தேனை இலையின் இனிப்பு என்று எழுதிக்கொள்ளக் கூடாது. ருசி பார்ப்பவன் முதலில் கழிக்க வேண்டியது அதைத்தான்.

சான் லூயிஸ், வியாழன்

இன்றைய குறிப்பு நீளும்.

ஆலைகளுக்குப் போகும் உயர்தர இலையின் தாய்வீடு வின்யாலெஸ் அல்ல, அதற்குத் தென்மேற்கே இருக்கிற வுவெல்தா அபாஹோ. பினார் தெல் ரியோ மாகாணத்தில் சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்த்தினெஸ் என்ற இரண்டு சிற்றூர்களைச் சுற்றிய மணல் கலந்த செம்மண். குன்று கிடையாது, பெரிய அழகும் கிடையாது. உலகத்தில் சுருட்டுக்கு இதைவிடப் பெயர் பெற்ற மண் இல்லை. 1845 முதல் புகையிலை பயிரிட்டு வரும் ரொபாய்னா குடும்பத்தின் பண்ணையும் இங்கேதான். 2010இல் தொண்ணூற்றொரு வயதில் மறைந்த அலெஹாந்த்ரோ ரொபாய்னாவின் பெயரில் 1997இல் ஒரு பிராண்டே வந்தது. உயிரோடு இருந்த ஒரு விவசாயிக்குக் கூபா செய்த மரியாதை.

நான் போனது அதற்குப் பக்கத்தில், பெயர் பெறாத ஒரு சிறு பண்ணை. தூரத்திலிருந்து வயல் மேல் வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டாற்போல் தெரிந்தது. பக்கத்தில் போனால் கம்பம் நட்டுக் கட்டிய மெல்லிய பருத்தித் துணிப் பந்தல். அதன் கீழ் ஆள் உயரத்துக்கும் மேலே செடிகள். இது சுருட்டின் வெளிப்புறத்தைச் சுற்றும் மேல் இலைக்கான பயிர். காப்பா என்கிறார்கள். நிழலில் வளர்ந்தால் இலை அகலமாகவும் மெல்லிசாகவும் நரம்பு தெரியாமலும் வரும். சுருட்டின் உள்ளே போகிற திரிப்பா இலைக்குப் பந்தல் இல்லை, நேர் வெயில். இரண்டுக்கும் நடுவில் உள்ளிலையைப் பிடித்துக் கட்டுகிற கப்போத்தே. மூன்றும் சேர்ந்ததுதான் சுருட்டு.

பண்ணைப் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். செடியின் கீழிருந்து மேலாகக் கையை ஓட்டிக்காட்டினார். அடியில் இருப்பது வொலாதோ, நடுவில் சேக்கோ, உச்சியில் வெயிலை முழுக்க வாங்குவது லிகேரோ. ஒரே நாளில் செடியை மொட்டையடிப்பதில்லை. கீழிருந்து இரண்டு மூன்று இலையாக, இடையில் சில நாள் விட்டு விட்டுப் பறிக்கிறார்கள். உச்சியில் மொக்கு வந்ததும் கிள்ளிவிடுகிறார்கள். பூவுக்குப் போகிற சத்து இலைக்குத் திரும்பட்டும் என்று. கிள்ளிய இடத்தைத் தொட்டேன். விரல் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது, சோப்புப் போட்டும் சாயங்காலம் வரை போகவில்லை.

உலர்த்தும் கொட்டகை கிழக்கு மேற்காக நீண்டு நிற்கிறது. வெயில் காலையில் ஒரு முனையிலும் மாலையில் மறு முனையிலும்தான் விழும், பக்கச்சுவர் சூடாகாது. உள்ளே கூரை வரை கழிகள், கழிகளில் ஜோடி ஜோடியாக ஊசி நூலால் கோத்த இலைகள். கீழ் வரிசை பச்சை, மேலே போகப்போக மஞ்சள், கூரையருகே பழுப்பு. ஐம்பது நாள் போல் ஆகும். மரம் எல்லாம் புதிது. 2022 செப்டம்பர் 27 அன்று இயான் சூறாவளி இந்த மாகாணத்தில்தான் கரையேறியது. ஆயிரக்கணக்கான கொட்டகைகள் விழுந்தன. பெரியவர் தன்னுடையதையும் இழந்தவர். தூணைத் தட்டி, "இது பழசுலேர்ந்து எடுத்தது, இது மட்டும்தான்" என்றார். உள்ளே ஒரு தூண் மட்டும் கருப்பாக இருந்தது.

உலர்ந்த இலையை அடுக்கி அடுக்கிப் பட்டறை போட்டு நொதிக்க விடுகிறார்கள். அடுக்கின் நடுவில் தானாகச் சூடேறும், அம்மோனியா வெளியேறும். முகத்தை அருகே கொண்டுபோனால் கண்ணில் நீர் வந்துவிடுகிறது. சூடு அளவைத் தாண்டினால் இலை வெந்து போய்விடும், அதனால் நடுநடுவே பிரித்து மாற்றி அடுக்குகிறார்கள். பிறகு மாதக்கணக்கில் இருப்பு. லிகேரோவுக்குக் குறைந்தது இரண்டு வருடம். வாடுவதும் நொதிப்பதும் தேயிலையிலும் உண்டு, ஆனால் அங்கே மணிக்கணக்கு. இங்கே வருடக்கணக்கு என்பதை நின்று பார்த்தபோதுதான் மனதில் ஏறியது.

அதன்பின் பெரியவர் செய்தது இந்தப் பயணத்திலேயே எனக்கு ஆகப்பெரிய பாடம். பதமான வொலாதோவை மட்டும் வைத்து விரல் தடிமனில் ஒன்று சுற்றினார். சேக்கோவை மட்டும் வைத்து இன்னொன்று. லிகேரோ மட்டும் ஒன்று. "தனித்தனியாப் பிடிச்சுப் பாருங்க."

வொலாதோ தீக்குச்சியைக் காட்டியதும் பற்றியது, நிறுத்தாமல் எரிந்தது. ருசி என்று சொல்ல ஏதும் இல்லை, சுத்தமான புகை. சேக்கோவில் மணம் வந்தது. உலர்ந்த மரப்பட்டை, லேசாகக் காபிக்கொட்டை, மூக்குவழியாக விட்டால் ஒரு பூவாசனை போல ஏதோ. லிகேரோ பற்றவே மறுத்தது. பற்றியபின் இரண்டு இழுப்பில் மிளகை நசுக்கி நாக்கின் அடியில் வைத்த மாதிரி காரம், மூன்றாவதில் தலை சுற்றியது. கீழே வைத்துவிட்டேன். பெரியவரின் மருமகள் ஒன்றும் கேட்காமல் கரும்புச்சாறு கொண்டுவந்து கொடுத்தார். நிகோடின் தலைக்கேறினால் இங்கே எல்லோரும் செய்யும் வைத்தியம் சர்க்கரைதான்.

ஒன்று எரிவைத் தருகிறது, ஒன்று மணத்தை, ஒன்று வலுவை. சுருட்டுக் கலவை என்பது இந்த மூன்றின் விகிதம். இதைப் படித்திருந்தேன், ஆனால் தனித்தனியாக வாயில் உணர்ந்தபின் ஒரு சுருட்டுக்குள் எது எங்கே பேசுகிறது என்று காது கொடுக்க முடியும் போலிருக்கிறது.

இரவே பகிர்வு டாக்சியில் ஹவானா திரும்பிவிட்டேன்.

ஹவானா, வெள்ளி

ஆலைக்குள் பையும் கேமராவும் அனுமதி இல்லை. அதனால் படம் இல்லை, நினைவில் இருப்பதை எழுதுகிறேன்.

சுற்றுகிற கூடத்தை கலேரா என்கிறார்கள். பள்ளிக்கூட பெஞ்சு வரிசைகளில் ஆண்களும் பெண்களும். ஒன்பது மாதப் பயிற்சி முடித்தவர்கள்தான் இங்கே உட்காரலாம். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பலகை, பிறைபோல் வளைந்த கைப்பிடி இல்லாத கத்தி, ருசியில்லாத மரப்பசைக் கிண்ணம். அந்தக் கத்திக்குப் பெயர் சவேத்தா. வெட்டுவது, தட்டிச் சமன் செய்வது, உருட்டுவது எல்லாம் அதிலேயே.

ஒரு அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளிலைகளை அடுக்கி மடக்குவதில்லை, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் சின்னக் குழலாக உருட்டிச் சேர்க்கிறார். குழல்களுக்கு நடுவே காற்று போகும் வழி அமைகிறது. லிகேரோ சரியாக நடுவில், அதைச் சுற்றி சேக்கோ, வொலாதோ. நடுவில் வைப்பதற்குக் காரணம் நேற்று வாயால் தெரிந்துகொண்டேன்: மெதுவாக எரிகிற இலை ஒரு ஓரமாக ஒதுங்கினால், சுருட்டின் அந்தப் பக்கம் மட்டும் எரியாமல் நின்றுவிடும். கட்டு இலையால் சுற்றி மர அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். அழுத்தி எடுத்ததும் இழுப்பு அளக்கும் கருவியில் செருகிப் பார்க்கிறார்கள். காற்று இறுக்கமாகவோ தளர்வாகவோ போனால் மேல் இலை சுற்றாமலே திருப்பி விடுவார்கள்.

மேல் இலையைச் சுற்றும்போது அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். இலையை லேசாக இழுத்துப் பிடித்து, ஒரே சாய்வில் சுற்றிக்கொண்டே போய், தலையில் மூன்று வளையமாகத் தொப்பி வைத்து முடித்தார். இந்த மூன்று வளையம் கூபா சுருட்டின் கையெழுத்து. சுற்றி முடித்ததை ஐம்பது ஐம்பதாகக் கட்டுகிறார்கள். கட்டில் சுற்றியவரின் அடையாளம் இருக்கும்.

கூடத்தின் முன்னால் ஒரு மேடை. ஒரு பெண் மைக்கில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். 1865இல் ஹவானாவின் எல் ஃபிகரோ ஆலையில் தொடங்கிய வழக்கம். காலையில் செய்தி, பிறகு நாவல். அப்படி வாசித்த ஒரு பிரெஞ்சு நாவலிலிருந்துதான் மாண்டிகிறிஸ்டோ என்ற சுருட்டு பிராண்டுக்குப் பெயர் வந்தது. வாசிப்பு பிடித்திருந்தால் கை தட்டமாட்டார்கள், கையில் வேலை இருக்கிறதே. சவேத்தாவைப் பலகையில் தட்டுவார்கள். நான் இருந்தபோது ஒரு தடவை கேட்டேன். கூடம் முழுக்க இரும்புச் சத்தம். எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் உலகம் அறிந்தவர்களாக இருந்த தொழிற்கூடம் இது. இந்த வழக்கம் இன்னும் நிற்பதைப் பார்த்ததற்காகவே இவ்வளவு தூரம் வந்திருக்கலாம்.

ஆலைகளில் ருசி பார்க்கும் குழுவும் உண்டு. பட்டை போடாத சுருட்டைக் கொடுப்பார்கள், எந்த பிராண்டு என்று சொல்லமாட்டார்கள். இழுப்பு, எரிவு, வலு, மணம், ருசி, மொத்தத் தரம் என்று தனித்தனியாக மதிப்பெண். நாளைக்கு நானும் அந்த வரிசையிலேயே எழுதப்போகிறேன்.

ஹவானா, சனி

காலையில் காபி குடிக்கவில்லை. சர்க்கரை போடாத கட்டன் தேநீர் மட்டும். வீட்டு மாடியில் காற்று அதிகம் வராத மூலையாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

முதலில் மூன்று மாதப் பெட்டியிலிருந்து எடுத்தது. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அடியிலிருந்து தலை வரை அமுக்கிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு இடம் கெட்டியாக இருந்தது, அதைக் குறித்துக்கொண்டேன். அடியை முகர்ந்தால் பட்டறை வாசனை, மெல்லிய அம்மோனியா. தொப்பியின் மேல் கோட்டுக்குச் சற்று மேலே வெட்டினேன். பற்றவைக்காமலே ஒரு இழுப்பு, கொஞ்சம் இறுக்கம்.

சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு பற்றவைக்கக் கூடாது. கையில் பிடித்துச் சுழற்றி, தீயின் நுனி படாமல் அடியை வாட்ட வேண்டும். ஓரம் முழுக்கச் சிவந்தபின்தான் வாய். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, அதற்கு மேல் இழுத்தால் சூடேறிக் கசக்கும். புகையை நெஞ்சுக்கு இறக்கக் கூடாது. வாயில் சுழற்றி, அதில் ஒரு பங்கை மூக்கு வழியாக மெதுவாக விட்டால்தான் மணம் பிரியும். தேநீரை உறிஞ்சும் சத்தத்தோடு இழுத்து மூக்கின் பின்புறம் ஏற்றுகிறோமே, அதே இடம்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

கால் பங்கு எரிந்ததும் எரிமுகம் சாய ஆரம்பித்தது. ஒரு பக்கம் கீழே இறங்குகிறது, கெட்டியாக இருந்த பக்கம் அப்படியே நிற்கிறது. நெருப்பு காட்டிச் சரிசெய்தேன், மறுபடி சாய்ந்தது. ருசியில் மிளகு நன்றாக வந்தது, அதன் கீழே நல்ல மண்வாசனையும் இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே உலோகம்போல ஒரு கூர்மை, நாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. பாதியில் அணைத்துவிட்டு, ஆறவைத்து, மிச்சத்தை பிளேடால் நீளவாக்கில் கிழித்தேன். இருந்தது. கருத்த, எண்ணெய்ப் பசையுள்ள தடித்த இலை, நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக மடங்கிக் கிடந்தது. எரியாமல் நின்ற பக்கம் அதுதான்.

எரிவு சாய்ந்தது கையின் குறை. நாக்கைப் பிடித்த கூர்மை காலத்தின் குறை, இன்னும் இரண்டு வருடம் பெட்டியில் இருந்திருந்தால் பெரும்பகுதி போயிருக்கும். மிளகும் மண்ணும் இலையின் குணம், அதில் ஒரு குறையும் இல்லை. மட்டமான சுருட்டு என்று தூக்கிப் போட்டிருந்தால் அந்த இலைக்கு அநியாயம் செய்திருப்பேன்.

பார்த்தகாஸ் சாயங்காலம். நடுவில் சோறும் கறுப்பு மொச்சையும் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, வாயைத் தண்ணீரால் நிறையக் கொப்பளித்தேன்.

அமுக்கினால் முழு நீளமும் ஒரே பதம். மேல் இலையில் மினுமினுப்பு இருக்கிறது, ஆனால் கையில் ஒட்டவில்லை. வாசனையில் அம்மோனியா துளியும் இல்லை; தேவதாரு, உலர்ந்த திராட்சை, கொஞ்சம் தோல்பை. பற்றவைத்த முதல் இழுப்பிலேயே மிளகு வந்தது. இந்தச் சுருட்டு வலுவானது என்று பெயர் பெற்றது, மூன்று வருடத்தில் அந்த வலு குறையவில்லை. ஆனால் காரம் நாக்கைக் குத்தாமல் அண்ணத்தில் பரவியது. ஒரு விரற்கடை எரிந்ததும் மிளகு பின்னால் போய் வறுத்த காபிக்கொட்டை முன்னால் வந்தது.

நடுப்பகுதிதான் இந்தச் சுருட்டின் உச்சம். பிரெஞ்சுக்காரர்கள் சுருட்டை மூன்றாகப் பிரித்து முதல் பாகம் வைக்கோல், இரண்டாவது தெய்வீகம், மூன்றாவது சாணம் என்பார்கள். இரண்டாவதைப் பற்றி அவர்கள் சொல்வது சரி. காபியோடு கருப்பட்டியின் அடர்ந்த இனிப்பு வந்து கலந்தது. மூக்கு வழியாக விட்டபோது முதல் மழை விழுந்த செம்மண். சான் லூயிஸ் கொட்டகையில் சேக்கோவை மட்டும் பிடித்தபோது வந்த மரப்பட்டை மணத்தை இங்கே அடையாளம் கண்டுகொண்டேன். கூட்டத்தில் தெரிந்த முகம். சில இழுப்புகள் கழித்து லிகேரோவும் தெரிந்தது, தலையைச் சுற்றவைக்காமல், முதுகெலும்பாக.

எரிமுகம் கடைசி வரை நேராகவே நின்றது. வெளிர் சாம்பல் நிறத்தில் கட்டுக்குலையாத சாம்பல், அரை அங்குலத்துக்கு மேல் வளர்ந்தும் உதிரவில்லை. இழுப்பில் ஒரே ஒரு கணம்கூட வலிந்து இழுக்க வேண்டியிருக்கவில்லை. இந்த மூன்றும் முகமறியாத அந்தத் தொழிலாளிக்கு உரியவை. இவற்றுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். ருசிக்கும் மணத்துக்கும் கொஞ்சம் குறைத்தேன். கடைசி மூன்றில் ஒரு பாகம் சாணம் அல்ல, ஆனால் இனிப்பு விலகி, கசப்புச் சாக்லேட்டும் மிளகும் மட்டும் மிஞ்சின. சூடு விரலுக்குத் தெரிந்ததும் சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டேன். சுருட்டை நசுக்கி அணைக்கக் கூடாது, நாற்றம் எழும். வைத்துவிட்டால் தானே அணையும். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

விலை பற்றி ஒரு வார்த்தை. 2022இல் கோஹிபா, திரினிதாத் பிராண்டுகளுக்கு உலகெங்கும் ஹாங்காங் விலையை ஒட்டி நிர்ணயித்த பிறகு ஹவானாவிலும் மலிவு என்ற பேச்சே இல்லை. பெயருக்காக அதை வாங்குவதைவிட, தேதி பார்த்து, பழகிய பெட்டியிலிருந்து இந்த மாதிரி ரோபஸ்டோ வாங்குவது மேல் என்பது என் தீர்ப்பு.

விமான நிலையம், ஞாயிறு

கூபாவிலிருந்து ரசீது இல்லாமல் உதிரியாக 20 சுருட்டு வரை கொண்டுபோகலாம். முத்திரை உடையாத பெட்டி என்றால் 50. அதற்கு மேல் கடை ரசீது காட்ட வேண்டும், அதனால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். இந்தியச் சுங்கத்தில் வரியில்லாமல் 25தான், ஆகவே பெட்டி வாங்குபவர்கள் இந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கா வழியாக டிக்கெட் எடுக்க வேண்டாம். 1962 முதல் தொடரும் வர்த்தகத் தடையால் அங்கே இறங்கினால் கூபா சுருட்டைப் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

மூன்று மாதப் பெட்டியில் வாங்கியதில் மிச்சம் இருப்பதும் பையில் இருக்கிறது. குன்னூரில் மழைக்காலத்தில் சுவரே பூசணம் பிடிக்கும், திறந்து வைத்தால் ஒரு வாரம் தாங்காது. காற்றுப் புகாத டப்பாவில் ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் உறை போட்டு, வெயில் படாத அலமாரியில் வைக்கப்போகிறேன். டப்பாவுக்குள் வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்து, கெட்டி இல்லாதவற்றை மட்டும் நூல் கட்டி அடையாளம் வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் கழித்துப் பிரித்துப் பார்க்க வேண்டியவை அவைதான். விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.